ஏட்டுச் சுரைக்காயும் உரிமைச் சாசனமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டுப் பழமொழி. எழுத்தில் உள்ளது வாழ்க்கைக்குப் பயன்படாமற் போவதைக் கண்டு சலித்தவர்கள் சொல்லிவைத்த மொழி அது. குடிமக்களின் உரிமைகளை ஓர் ஏட்டில் எழுதி வைப்பதால் மட்டும் அவை காக்கப்பட்டுவிடுமா? ஆட்சியில் இருப்போர் அவற்றை மீறத் துணிந்தால், எழுத்து எழுந்து வந்து தடுக்குமா? மாணவர்கள் பலருக்கு இந்த ஐயம் எழுவதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களுள் தலையாயவரான ஜேம்ஸ் மாடிசனுக்கும் இதே ஐயம் இருந்தது. அந்த மாடிசனே பின்னர் உரிமைச் சாசனத்தை வரைந்து, அதனை நிறைவேற்றுவதற்காகத் தளராமல் உழைத்தார். அவர் மனம் மாறியது எவ்வாறு, அரசியல் சட்டத்தில் முதலில் இல்லாத உரிமைச் சாசனம் பின்னர் வந்து சேர்ந்தது எவ்வாறு என்பதே இன்று நாம் காணப்போகும் செய்தி.

1787-ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியா நகரில் ஒரு மாநாடு கூடியது. பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றிருந்த பதின்மூன்று மாநிலங்களுள் ரோடு ஐலண்டு தவிர ஏனைய பன்னிரண்டும் பிரதிநிதிகளை அனுப்பியிருந்தன. மாநாட்டில் பங்குகொண்டவர்கள் 55 பேர். ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை வகித்தார். அக்காலத்தில் இருந்த மத்திய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம்கூட இல்லை. போரில் பட்ட கடனை அடைக்கவும் வாணிகத்தை ஒழுங்குபடுத்தவும் வழியின்றி அது தத்தளித்தது. எனவே, வலிமையுள்ள ஓர் அரசை எவ்வாறு அமைப்பது என்பதே அந்த மாநாட்டின் முழுக் கவலையாக இருந்தது. ஏறக்குறைய நான்கு மாத காலம் கோடை வெயிலில் வாதிட்டு ஒரு வரைவை அவர்கள் உருவாக்கினர்.

வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் ஆவலில் இருந்த நேரம். செப்டம்பர் 12-ஆம் நாள் வர்ஜினியாவின் பிரதிநிதியான ஜார்ஜ் மேசன் எழுந்தார். இச்சட்டத்தின் முகப்பில் ஓர் உரிமைச் சாசனம் இருத்தல் வேண்டும், அது மக்களுக்குப் பெரும் மன அமைதி தரும், மாநிலங்களின் சாசனங்களைத் துணையாகக் கொண்டால் சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். அவர் அவ்வாறு கூறத் தகுதி பெற்றவரே. 1776-இல் வர்ஜினியா மாநிலம் வெளியிட்ட உரிமைப் பிரகடனத்தைப் பெரும்பாலும் எழுதியவர் அவர். மேசன் கருத்தைத் தொடர்ந்து மாசசூசெட்ஸ் பிரதிநிதி எல்பிரிட்ஜ் கெர்ரி, சாசனம் வரைவதற்கு ஒரு குழு அமைக்க வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். கனெக்டிகட்டைச் சேர்ந்த ரோஜர் ஷெர்மன் மறுத்தார். மாநிலங்களின் உரிமைப் பிரகடனங்கள் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. அவையே போதும் என்பது அவர் வாதம். வாக்கெடுப்பில் ஒரு மாநிலமேனும் பிரேரணையை ஆதரிக்கவில்லை. மேசனின் சொந்த மாநிலமாகிய வர்ஜினியாவும் எதிர்த்தே வாக்களித்தது. ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 17-இல், 39 பேர் கையொப்பமிட்டனர். மேசன், கெர்ரி, வர்ஜினியாவின் ஆளுநர் எட்மண்ட் ராண்டால்ப் ஆகிய மூவரும் அவையில் இருந்தும் கையொப்பமிட மறுத்தனர்.

சாசனம் வேண்டாமென்று சொன்னவர்கள் மக்களின் பகைவர்கள் அல்லர். அவர்கள் வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். பென்சில்வேனியாவைச் சேர்ந்த சட்ட அறிஞர் ஜேம்ஸ் வில்சனும், நியூயார்க்கின் அலெக்சாண்டர் ஹாமில்டனும் அதனை விளக்கினர். அரசனுடைய அதிகாரம் எல்லையற்றதாக இருந்த நாட்டில், இன்னின்ன செய்யமாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்குவது முறை. இங்கிலாந்தில் 1215-இல் மாக்னா கார்ட்டாவும், 1689-இல் உரிமைச் சட்டமும் அவ்வாறே பிறந்தன. அமெரிக்காவிலோ அதிகாரம் முழுவதும் மக்களுடையது. அவர்கள் மத்திய அரசுக்குக் கொடுத்தவை சில குறிப்பிட்ட அதிகாரங்களே. பத்திரிகைகளை அடக்கும் அதிகாரத்தையே கொடுக்காதபோது, பத்திரிகைகளை அடக்கக் கூடாது என்று எழுதுவானேன்? அன்றியும், சில உரிமைகளை மட்டும் பட்டியலிட்டால், பட்டியலில் இல்லாதவற்றை மக்கள் விட்டுக்கொடுத்துவிட்டனர் என்று நாளை எவரேனும் பொருள் கொள்ளக்கூடும் அன்றோ? இவ்வாறு அவர்கள் வாதிட்டனர்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. எதிர்ப்பாளர்கள் அதனை உடனே கண்டுபிடித்தனர். மூல வரைவிலேயே சில உரிமைகள் எழுதப்பட்டிருந்தன. சட்டவிரோதமாகச் சிறை வைக்கப்பட்டவனை நீதிபதியின் முன் கொண்டுவரச் செய்யும் ஹேபியஸ் கார்ப்பஸ் உரிமை, குற்ற வழக்குகளில் ஜூரி விசாரணை, செய்த நாளில் குற்றமாக இல்லாத செயலைப் பின்னர் ஒரு சட்டத்தால் குற்றமாக்கித் தண்டிக்கத் தடை, அரசுப் பதவிக்குச் சமயச் சோதனை கூடாதென்னும் விதி ஆகியவை அங்கே இடம்பெற்றிருந்தன. கொடுக்காத அதிகாரத்தைத் தடுப்பது வீண் என்றால், இவற்றை மட்டும் ஏன் எழுதினீர்கள்? எழுதப்பட்ட இவை காக்கப்படுமாயின், எழுதப்படாத பேச்சுரிமையும் சமய உரிமையும் கைவிடப்பட்டனவா? இக்கேள்விகளுக்குத் தக்க விடை கிடைக்கவில்லை.

அரசியல் சட்டம் செயலுக்கு வர ஒன்பது மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். 1787 டிசம்பர் 7-இல் டெலாவேர் முதலில் ஒப்பியது. ஐந்து நாள் கழித்துப் பென்சில்வேனியா 46-க்கு 23 என்ற வாக்குகளால் ஏற்றது. ஆனால், தோற்ற சிறுபான்மையினர் தங்கள் மறுப்பை அச்சிட்டு நாடெங்கும் பரப்பினர். அதில் தாங்கள் வேண்டும் உரிமைகளையும் வரிசைப்படுத்தியிருந்தனர். மாசசூசெட்ஸில் நிலைமை இக்கட்டாயிற்று. அங்கே எதிர்ப்பாளர்களே மிகுதி என்று தோன்றியது. அப்பொழுது ஆளுநர் ஜான் ஹான்காக் ஒரு நடுவழியை முன்மொழிந்தார். சட்டத்தை இப்போதே ஏற்றுக்கொள்வோம். அதனோடு இன்ன திருத்தங்கள் வேண்டும் என்று பரிந்துரையும் செய்வோம் என்பதே அது. 1788 பிப்ரவரி 6-இல் 187-க்கு 168 என்ற வாக்குகளால் சட்டம் பிழைத்தது. பத்துப் பேர் மனம் மாறியிருந்தால் கதையே வேறாகியிருக்கும். பின்னர் நியூ ஹாம்ப்ஷயர், வர்ஜினியா, நியூயார்க் முதலிய மாநிலங்களும் இவ்வழியையே பின்பற்றின.

ஜூன் 21-இல் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவது மாநிலமாக ஒப்புதல் அளித்தது. ஆயினும், பெரிய மாநிலங்களாகிய வர்ஜினியாவும் நியூயார்க்கும் சேராமல் ஒன்றியம் நிலைக்க முடியாது. வர்ஜினியாவில் நாவன்மையில் இணையற்ற பாட்ரிக் ஹென்றி எதிர்ப்பாளர்களுக்குத் தலைமை தாங்கினார். அவருக்கு எதிரே நின்றவர் மாடிசன். உருவத்தில் சிறியவர், மெல்லிய குரலுடையவர். அவர் பேசும்போது செவி சாய்த்துத்தான் கேட்க வேண்டும். இடியோசைக்கு முன் அவர் நிதானமான விளக்கம் வென்றது; எனினும் வெற்றி 89-க்கு 79 என்ற அளவினதே. நியூயார்க்கில் அது 30-க்கு 27 ஆகச் சுருங்கியது. வட கரோலினாவோ, உரிமைச் சாசனம் இல்லாமல் இணைய மறுத்து வெளியே நின்றது. ரோடு ஐலண்டும் வெளியே நின்றது.

இக்காலத்தில் பாரிஸ் நகரில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் தாமஸ் ஜெபர்சன். அவரும் மாடிசனும் நெருங்கிய நண்பர்கள். அவர்களிடையே நடந்த கடிதப் போக்குவரத்து, நட்பு குன்றாமல் கருத்து வேறுபடுவது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1787 டிசம்பரில் ஜெபர்சன், புதிய சட்டத்தில் தமக்குப் பிடித்தவற்றைக் கூறிவிட்டு, உரிமைச் சாசனம் இல்லாதது பெருங்குறை என்று எழுதினார். உலகில் எந்த அரசாயினும் அதனிடமிருந்து மக்கள் பெறுவதற்கு உரியது அது என்பது அவர் கருத்து. 1788 அக்டோபரில் மாடிசன் விடை எழுதினார். தாம் சாசனத்துக்கு எதிரி அல்லர் என்று கூறினார். ஆனால் அது இல்லாததைப் பெருங்குறையாகவும் அவர் கருதவில்லை. தோலேட்டில் எழுதிய வேலி, ஆவேசங்கொண்ட பெரும்பான்மையைத் தடுத்து நிறுத்தாது என்றார். வர்ஜினியாவிலேயே பிரகடனம் இருந்தும், மக்கள் வேகத்துக்கு எதிராக நின்றபோதெல்லாம் அது மீறப்பட்டதைத் தாம் கண்டதாகவும் எழுதினார். ஏட்டுச் சுரைக்காய் என்று நாம் சொல்வதையே அவர் வேறு சொற்களில் சொன்னார்.

ஆயினும் அதே கடிதத்தில் இரண்டு பயன்களையும் அவர் ஒப்புக்கொண்டார். முறையாக அறிவிக்கப்பட்ட உண்மைகள் காலப்போக்கில் மக்கள் உள்ளத்தில் வேரூன்றி, தன்னலத்தையும் வெறியையும் அடக்கும் நெறிகளாகலாம். அரசு வரம்பு மீறும் நாளில், மக்களிடம் முறையிடுவதற்கு அவை ஆதாரமாகலாம். இதற்கு 1789 மார்ச்சில் மறுமொழி எழுதிய ஜெபர்சன், மாடிசன் கூறாமல் விட்ட மூன்றாவது பயனைச் சுட்டிக் காட்டினார். சாசனம் எழுத்தில் இருந்தால், அது நீதிபதிகள் கையில் ஒரு கருவியாகும். எப்போதும் முழுப் பயன் தராவிட்டாலும், கட்டடத்துக்கு முட்டுக்கொடுக்கும் ஒரு தூண் மிகுதியாக இருப்பது, இல்லாதிருப்பதைவிட நன்று என்றும் அவர் எழுதினார்.

நண்பரின் கடிதங்கள் மட்டும் மாடிசனை மாற்றவில்லை. தேர்தலும் மாற்றியது. ஹென்றியின் செல்வாக்குக்கு உட்பட்ட வர்ஜினியா சட்டசபை அவரைச் செனட் சபைக்கு அனுப்பவில்லை. எனவே அவர் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர், பிற்காலத்தில் அவரைப் போலவே ஜனாதிபதியான ஜேம்ஸ் மன்றோ. அத்தொகுதியில் பாப்டிஸ்டு கிறிஸ்தவர்கள் மிகுதி. அரசு ஆதரவு பெற்ற ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆதிக்கம் ஓங்கியிருந்த காலத்தில், உரிமமின்றிப் போதித்த குற்றத்துக்காக அவர்களுடைய போதகர்கள் பலர் சிறை சென்றிருந்தனர். அந்தக் கொடுமையை இளமையிலேயே கண்டு மனம் கொதித்தவர் மாடிசன். புதிய சட்டத்தில் சமய உரிமைக்குக் காவல் எங்கே என்று அம்மக்கள் கேட்டனர். அவர்களுக்கு அது தத்துவ விசாரம் அன்று. சிறைக்கதவு சம்பந்தப்பட்ட கேள்வி. ஜனவரிக் குளிரில் ஊர் ஊராகச் சென்று, திருத்தங்களுக்காகத் தாம் பாடுபடுவதாக மாடிசன் வாக்களித்தார். 1789 பிப்ரவரியில் 1,308-க்கு 972 என்ற வாக்குகளால் வென்றார்.

தேர்தல் வாக்குறுதிகள் தேர்தலோடு மறக்கப்படுவதை நாம் அறிவோம். மாடிசன் மறக்கவில்லை. நியூயார்க் நகரில் கூடிய முதல் காங்கிரஸ் சபையில் 1789 ஜூன் 8-இல் திருத்தங்களை முன்மொழிந்தார். உறுப்பினர்கள் முகம் சுளித்தனர். கருவூலம் காலியாக இருக்கிறது, சுங்கவரிச் சட்டம் காத்திருக்கிறது, நீதிமன்றங்கள் இன்னும் அமைக்கப்படவில்லை, இதற்கு இப்போது என்ன அவசரம் என்றனர். ஜார்ஜியாவின் ஜாக்சன் என்பவர், கப்பல் இன்னும் துறையில் நிற்கிறது, கடலில் செலுத்திப் பார்க்குமுன் பழுது பார்ப்பது எப்படி என்று கேட்டார். மாடிசன் பணிவோடும் பிடிவாதத்தோடும் மீண்டும் மீண்டும் வேண்டினார். புதிய அரசை ஐயுறும் மக்கள் பலர் இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் விரும்புவது தங்கள் உரிமைகளுக்கு ஒரு காவல். அதனைக் கொடுத்தால் அவர்கள் நண்பர்களாவர் என்றார். ஜெபர்சன் எடுத்துக்கூறிய கருத்தும் அவர் உரையில் இடம்பெற்றது. சாசனம் சட்டத்தில் சேருமாயின், சுதந்திரமான நீதிமன்றங்கள் அவ்வுரிமைகளின் காவலராகத் தம்மைக் கருதும் என்று அவர் விளக்கினார்.

இதில் அரசியல் நுட்பமும் இருந்தது. எதிர்ப்பாளர்களின் தலைவர்கள் பலர் வேண்டியது, இரண்டாவது மாநாடு ஒன்றைக் கூட்டி மத்திய அரசின் வரி அதிகாரத்தையே குறைப்பது. வர்ஜினியாவும் நியூயார்க்கும் அதற்கு விண்ணப்பமும் செய்திருந்தன. மாநிலங்கள் அனுப்பியிருந்த பரிந்துரைகளைச் சலித்தெடுத்த மாடிசன், அரசின் அமைப்பைக் குலைப்பவற்றை விலக்கி, குடிமகனைக் காப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். இதனால் ஒன்றியமும் பிழைத்தது. உரிமையும் எழுத்தில் ஏறியது.

அவர் விரும்பியதெல்லாம் நடந்துவிடவில்லை. திருத்தங்களை மூலச்சட்டத்தின் உரிய இடங்களில் செருக வேண்டும் என்று அவர் கருதினார். பிலடெல்பியாவில் சாசனம் வேண்டாமென்ற ஷெர்மன் இங்கும் குறுக்கிட்டார். இரும்பையும் களிமண்ணையும் கலக்கக் கூடாது. திருத்தங்களைத் தனியே இறுதியில் சேர்க்க வேண்டும் என்றார். சபை அவர் சொல்லை ஏற்றது. அதன் பயனாகவே இன்று உரிமைச் சாசனம் தனி வடிவோடும் தனிப் பெயரோடும் நிற்கிறது. மாநில அரசுகளும் மனச்சான்றின் உரிமையையும், பத்திரிகைச் சுதந்திரத்தையும், ஜூரி விசாரணையையும் மீறலாகாது என்னும் விதியை மாடிசன் எல்லாவற்றிலும் சிறந்ததாகக் கருதினார். செனட் சபை அதனை நீக்கிவிட்டது. பிரதிநிதிகள் சபை அனுப்பிய 17 திருத்தங்கள் செனட்டில் 12 ஆகக் குறுகின. 1789 செப்டம்பர் 25-இல் அந்தப் பன்னிரண்டும் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டன. அதற்குப் பின் இரண்டு மாதத்துக்குள் வட கரோலினா ஒன்றியத்தில் இணைந்தது. ரோடு ஐலண்டு 1790 மே மாதத்தில் 34-க்கு 32 என்ற வாக்குகளால் சேர்ந்தது.

நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்ப வேண்டும். 1791 டிசம்பர் 15-இல் வர்ஜினியா ஒப்பியபோது அந்தக் கணக்கு நிறைவேறியது. பன்னிரண்டில் முதல் இரண்டு தேறவில்லை. மூன்றாவதாக இருந்ததே முதல் திருத்தமாயிற்று. அரசு எந்தச் சமயத்தையும் நிறுவக் கூடாது, சமய ஒழுக்கத்தைத் தடுக்கக் கூடாது, பேச்சு, பத்திரிகை, அமைதியாகக் கூடுதல், குறை கூறி விண்ணப்பித்தல் ஆகிய உரிமைகளைக் குறைக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆயுதம் வைத்திருக்கும் உரிமை, உரியவர் இசைவின்றி அமைதிக் காலத்தில் வீடுகளில் படைவீரரைத் தங்கவைக்கத் தடை, தகுந்த காரணமும் வாரண்டும் இன்றிச் சோதனையிடத் தடை, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தாமை, விரைவான பகிரங்க விசாரணை, வழக்கறிஞர் துணை, கொடிய தண்டனைக்குத் தடை ஆகியவை தொடர்ந்து வருகின்றன. இவற்றுட் பல, பிரிட்டிஷ் ஆட்சியில் அம்மக்கள் பட்ட துன்பங்களிலிருந்து பிறந்தவை. ஒன்பதாவது திருத்தம், பட்டியலில் சில உரிமைகள் இருப்பதால் மற்றவை மறுக்கப்பட்டதாகக் கொள்ளலாகாது என்கிறது. பட்டியலிடுவதில் ஆபத்து உண்டு என்று முன்னர் எழுந்த வாதத்துக்கு அது மறுமொழி. பத்தாவது, மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று முடிக்கிறது.

இத்தகைய பெருஞ்செய்தி எவ்வாறு அறிவிக்கப்பட்டது தெரியுமா? 1792 மார்ச் 1-இல் வெளிவிவகார அமைச்சரான ஜெபர்சன் மாநில ஆளுநர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மீன்பிடித் தொழில் பற்றிய சட்டம் முதலில். அஞ்சல் நிலையச் சட்டம் அடுத்து. அவற்றுக்குப் பின்னரே திருத்தங்கள் நிறைவேறிய செய்தி! சாசனத்தின் பெருமை அன்று எவருக்கும் முழுதாகத் தெரியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் மாடிசனின் பழைய ஐயம் என்னவாயிற்று? அது பொய்யாகிவிடவில்லை. 1798-இல், சாசனத்தின் மை உலர்ந்து ஏழு ஆண்டுகளுக்குள்ளேயே, அரசைக் கடிந்து எழுதிய பத்திரிகை ஆசிரியர்களைச் சிறையிலிடும் சட்டம் ஒன்றைக் காங்கிரஸ் இயற்றியது. இலட்சக்கணக்கான நீக்ரோ அடிமைகளுக்குச் சாசனத்தின் நிழல்கூட எட்டவில்லை. மேசன், மாடிசன், ஜெபர்சன் மூவருமே அடிமைகளை உடையவர்கள். அடிமை முறை ஒழிந்தது 1865-இல் தான். 1833-இல் உச்ச நீதிமன்றம், இச்சாசனம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களை அன்று என்று தீர்ப்பளித்தது. செனட் நீக்கிய அந்த விதியின் இன்மை அப்போது புலப்பட்டது. 1868-இல் பதினான்காவது திருத்தம் வந்த பின்னரும், இருபதாம் நூற்றாண்டிலேதான் நீதிமன்றம் ஒவ்வொன்றாக இவ்வுரிமைகளை மாநிலங்களுக்கும் உரியனவாக்கியது.

அந்த வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி. புளோரிடா மாநிலச் சிறையில் கிளாரன்ஸ் கிடியன் என்னும் ஏழைக் கைதி இருந்தான். வழக்கறிஞர் அமர்த்த அவனிடம் பணம் இல்லை. கேட்டும் நீதிமன்றம் கொடுக்கவில்லை. அவன் சிறையிலிருந்தபடியே பென்சிலால் ஒரு விண்ணப்பம் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினான். 1963-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக, ஆறாவது திருத்தத்தின் காவல் அவனுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தனர். வழக்கறிஞர் துணையோடு நடந்த மறு விசாரணையில் அவன் குற்றவாளி அல்லன் என விடுதலை பெற்றான். 1791-இல் எழுதிய ஒரு வரி, 172 ஆண்டுகள் கழித்து ஒரு சிறைக்கதவைத் திறந்தது.

மாணவர்கள் மகிழத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. முதற் பன்னிரண்டில் தேறாமற்போன இரண்டாவது திருத்தம், காங்கிரஸ் உறுப்பினர் தங்கள் ஊதியத்தை மாற்றினால், அடுத்த தேர்தலுக்குப் பின்னரே அது செயலுக்கு வரவேண்டும் என்பது. 1982-இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், அதற்குக் காலவரையறை இல்லை, இன்றும் ஒப்புதல் அளிக்கலாம் என்று கட்டுரை எழுதினார். நடுத்தர மதிப்பெண்ணே கிடைத்தது. அவர் சோர்ந்துவிடாமல் மாநிலச் சட்டசபைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1992-இல் அது இருபத்தேழாவது திருத்தமாக நிறைவேறியது.

நம் நாட்டின் அரசியல் சட்டத்தை வகுத்தோர் இவ்வரலாற்றை நன்கறிந்திருந்தனர். அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகரான பி. என். ராவ் 1947-இல் அமெரிக்கா சென்று நீதிபதி பிராங்பர்ட்டர் முதலியோருடன் கலந்து பேசினார். 1950 ஜனவரி 26-இல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே, அதன் மூன்றாம் பகுதியாக அடிப்படை உரிமைகள் அமைந்திருந்தன. அவ்வுரிமைகள் மீறப்பட்டால் குடிமகன் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகலாம் என்று 32-ஆவது பிரிவு கூறுகிறது. அப்பிரிவையே டாக்டர் அம்பேத்கர் அரசியல் சட்டத்தின் இதயமென்றும் ஆன்மாவென்றும் போற்றினார்.

ஏட்டில் எழுதியது தானே எழுந்து நடப்பதில்லை. கேட்பதற்கு ஒரு குடிமகனும், வாதிப்பதற்கு ஒரு வழக்கறிஞரும், அஞ்சாமல் தீர்ப்பளிக்க ஒரு நீதிபதியும் வேண்டும். ஆனால், ஏட்டில் ஒன்றும் எழுதப்படாதிருந்தால், புளோரிடாச் சிறையிலிருந்த அந்த ஏழை எதனைச் சுட்டிக் காட்டி முறையிட்டிருப்பான்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மையே. ஆனால் ஏட்டிலுள்ள உரிமை, சுரைக்காய் அன்று, அது விதை. தோற்றுப்போன மேசனும், கையொப்பமிட மறுத்தவர்களும், சிறை சென்ற போதகர்களும் அதனைக் கேட்டனர். மாற்றுக் கருத்துடைய மாடிசன், அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டென்று கண்டதும் தம் கையாலேயே ஊன்றினார். நீர் வார்க்கும் கடமை ஒவ்வொரு தலைமுறைக்கும் உரியது. உங்கள் பாடநூலின் பின்புறத்திலோ நூலகத்திலோ நம் அரசியல் சட்டம் கிடைக்கும். அதன் மூன்றாம் பகுதியை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்துப் பாருங்கள்.